கடல் இறங்கிய ஆண்டு

“1,300 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிற கருவி வருஷத்துக்கு 3 மில்லிமீட்டர் கடல்மட்ட உயர்வை எப்படி அளக்கும்? எல்லாம் கணினிக் கணக்கு.” பல ஆண்டுகளாக மேடைக்கு மேடை இதைக் கேட்டுச் சலித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் இதற்குக் கைதட்டல் விழுவதுதான் கோபமூட்டுகிறது.

ஒற்றை அளவீட்டில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் பிழை உண்டு. அதை யாரும் மறைக்கவில்லை. 1992இல் ஏவிய டோபெக்ஸ்/பொசைடன் செயற்கைக்கோள் முதல் இன்றைய சென்டினல்-6 வரை, ஏறத்தாழ பத்து நாளுக்கொரு முறை அதே பாதைகளில் உலகக் கடல்களை ரேடாரால் அளந்து, லட்சக்கணக்கான அளவுகளைச் சராசரி எடுக்கிறார்கள். கூடியும் குறைந்தும் விழும் பிழைகள் அதில் அடங்கிவிடும்.

கரையிலுள்ள அளவுகருவிகளே போதும் என்பார்கள். ஸ்டாக்ஹோமில் நிலமே மேலெழுகிறது. அங்குள்ள கருவி கடல் இறங்குவதாகத்தான் காட்டும்.

“தரவைத் திருத்துகிறார்கள்” என்பது அடுத்த குற்றச்சாட்டு. திருத்தினார்கள். டோபெக்ஸின் முதல் ஆறு ஆண்டு அளவுகளில் ஒரே பக்கம் சாய்ந்த பிழை இருந்ததைத் துறைமுகக் கருவிகளோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். திருத்தியபின் அந்த ஆண்டுகளின் உயர்வு குறைந்தது! ஊரைப் பயமுறுத்தக் கணக்கெழுதுகிறவர்கள் இப்படியா திருத்துவார்கள்?

எல்லாவற்றையும்விட 2010–11ஐ இந்த மேடைப் பேச்சாளர்கள் ஒருநாளும் பேசுவதில்லை. அப்போது உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் இறங்கியது. அதைச் சொன்னதும் இதே செயற்கைக்கோள்கள்தாம். 5 மில்லிமீட்டர் என்றால் உலகக் கடல் முழுவதற்கும் சுமார் 1,800 கன கிலோமீட்டர் தண்ணீர். அது எங்கே போனது? நீரின் ஈர்ப்பைக் கொண்டு அதன் எடையைக் கணிக்கும் கிரேஸ் என்ற வேறு இரட்டைச் செயற்கைக்கோள்கள் அதை நிலத்தில் கண்டன: தென் அமெரிக்காவின் வடபகுதியில், தென்கிழக்கு ஆசியாவில், எல்லாவற்றுக்கும் மேலாக ஆஸ்திரேலியாவில். லா நினா என்ற தட்பவெப்ப நிகழ்வு கொட்டிய பெருமழை அது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் ஐர் ஏரிப் படுகைக்குக் கடலுக்குப் போகும் வாய்க்கால் இல்லை. அங்கே விழுந்த நீர் அங்கேயே தேங்கிற்று. பிறகு கடல் மறுபடி ஏறி, பழைய மட்டத்தையும் தாண்டியது. 1993 முதல் மொத்த உயர்வு இன்று சுமார் 10 சென்டிமீட்டர்.

ஒன்று ரேடார், மற்றொன்று ஈர்ப்பு. இரண்டுக்கும் அளக்கும் வழியே வேறு. கடல் இழந்ததை ஒன்று சொன்னது, நிலம் பெற்றதை மற்றொன்று சொன்னது. மில்லிமீட்டரை அளக்கவே முடியாது என்று மைக்கைப் பிடிப்பவர், இந்த இரண்டு கணக்கும் எப்படிப் பொருந்தின என்று அதே மேடையில் விளக்கட்டும்.