மரணச் சீட்டின் மறுபக்கம்

சன்னிதியில் பூக்கட்டிப் பார்க்கும் வழக்கம் பழமையானது. பொட்டலத்தில் சிவப்புப் பூ வந்ததும், "இன்னொரு முறை பார்க்கலாமா?" என்று குருக்களிடம் கேட்பவர் உண்டு. தம் மனம் எதை நாடியிருந்தது என்பது அந்தக் கணத்தில்தான் அவருக்கே புலப்படுகிறது.

மேல்நாட்டாரின் டாரட் சீட்டும் நல்லவர் கையில் இவ்விதமே பயன்படுகிறது. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகத் தோன்றியது அது. குறி பார்க்கும் கருவியாகப் பரவியது 18ஆம் நூற்றாண்டில்தான். மொத்தம் 78 சீட்டுகள். 1909இல் லண்டனில் வெளியான கட்டுக்குப் படம் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்னும் பெண்மணி.

அதில் 13ஆம் சீட்டு மரணம். வெள்ளைக் குதிரைமேல் எலும்புக்கூடு வருகிறது. அரசன் வீழ்ந்து கிடக்கிறான். எடுத்தவர் நடுங்குவது இயல்பே. தேர்ந்தவரோ உடனே பலன் உரைப்பதில்லை. "படத்தில் வேறென்ன தெரிகிறது?" என்று வினவுகிறார். தொலைவில் இரு கோபுரங்களுக்கிடையே கதிரவன் ஒளிர்வதை வந்தவர் அப்போதுதான் காண்கிறார். "உங்கள் வாழ்வில் எது முடிய வேண்டும்?" என்பது அடுத்த வினா. மகனோடு பல்லாண்டாகப் பேசாதிருக்கும் தந்தை ஒருவர், அந்தப் பிணக்கை அங்கே முதன்முறையாக வாய்விட்டுச் சொல்லக்கூடும். அதன்பின் மகன் வீட்டுப் படியேற வேண்டியவர் அவரே. சீட்டு அவருக்காக நடந்து போகாது.

அச்சமூட்டி, பரிகாரத்துக்கென ஆயிரக்கணக்கில் கேட்பவரும் இத்தொழிலில் உண்டு. அத்தகையோர் முன் அமர நேர்ந்தால், செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்துவிடுவதே நலம்.