25 நிமிடங்களில் தீர்மானிக்கப்படும் மகுடம்

2023 ஏப்ரல் 30 ஆம் திகதி கஸகஸ்தானின் அஸ்தானா நகரில், உலக சதுரங்க சம்பியன் பட்டம் விரைவு ஆட்டமொன்றின் மூலம் தீர்மானிக்கப்பட்டது. சீனாவின் டிங் லிரெனும் ரஷ்யாவின் இயன் நெப்போம்னியாச்சியும் மூன்று வாரங்களாக மோதிய 14 நீண்டநேர ஆட்டங்களில் ஆளுக்கு மூன்று வெற்றிகளைப் பெற்று, 7-7 எனச் சமநிலையில் நின்றனர். அதனையடுத்து, தலா 25 நிமிடங்களும் நகர்த்தலுக்கு 10 வினாடிகள் மேலதிகமாகவும் வழங்கப்பட்ட நான்கு விரைவு ஆட்டங்கள் இடம்பெற்றன. முதல் மூன்றும் வெற்றிதோல்வியின்றி முடிவடைந்தன.

நான்காவது ஆட்டத்தில் டிங் கறுப்புக் காய்களுடன் விளையாடினார். நெப்போம்னியாச்சியின் இராணி தொடர்ந்து அரசனுக்கு முற்றுகையிட, அதே நகர்த்தல்களைத் திரும்பத் திரும்பச் செய்து சமநிலை காண்பதற்கு வழி இருந்தது. கடிகாரத்திலோ டிங்கிற்கு இரண்டு நிமிடங்கள்கூட எஞ்சியிருக்கவில்லை. எனினும் 46 ஆவது நகர்த்தலில், தனது கோட்டையை அரசனுக்குக் கேடயமாக்கி, அது அசைய முடியாத நிலையைத் தாமே ஏற்றுக்கொண்டார். அத்துணிவே அவரைச் சீனாவின் முதலாவது ஆடவர் உலக சம்பியனாக்கியது.

நீண்டநேர ஆட்டத்துக்குரிய பட்டத்தை விரைவு ஆட்டம் தீர்மானிப்பது நியாயமா என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆனால், பழைய முறை இதனிலும் நியாயமானதாக இருக்கவில்லை. 1951, 1954, 1987, 2004 ஆம் ஆண்டுகளில் போட்டி சமநிலையில் முடிந்தபோது, நடப்புச் சம்பியனே பட்டத்தைத் தக்கவைத்துக் கொண்டார். சவாலிட்டவர் சமமாக விளையாடியும் வெறுங்கையுடன் திரும்பினார். ஆட்ட எண்ணிக்கைக்கு வரையறையின்றி 1984 இல் ஆரம்பமான கார்ப்போவ் - கஸ்பரோவ் போட்டியோ, 48 ஆட்டங்களின் பின்னர் முடிவின்றியே நிறுத்தப்பட்டது. 2006 இல் நடைமுறைக்கு வந்த விரைவு ஆட்ட முறை, இருவரையும் ஒரே தராசில் நிறுத்துகின்றது என்பதை மறுக்க முடியாது.

எனினும் அதில் குறையொன்று உண்டு. 2018 இல் இலண்டனில், கடைசி நீண்டநேர ஆட்டத்தில் சாதகமான நிலையில் இருந்தபோதே மெக்னஸ் கார்ல்சன் சமநிலைக்கு இணங்கினார். பின்னர் விரைவு ஆட்டங்களில் ஃபாபியானோ கருவானாவை 3-0 எனத் தோற்கடித்தார். விரைவாட்டத்தில் வல்லவருக்கு நீண்டநேர ஆட்டத்தில் வெல்லவேண்டிய கட்டாயம் இல்லாமற் போகின்றது.

விரைவு ஆட்டங்களைப் போட்டியின் தொடக்கத்திலேயே நடத்திவிடுவது இதற்குப் பரிகாரமாக அமையலாம். அவற்றில் பின்தங்கியவர், நீண்டநேர ஆட்டமொன்றிலேனும் மேலதிகமாக வென்றாக வேண்டும் என்ற நிலை முதல் நாளிலிருந்தே இருக்கும். சமநிலைக்குத் தீர்வும் கிடைக்கும். பட்டத்துக்குரிய ஆட்டமும் அதன் முக்கியத்துவத்தை இழக்காது. சர்வதேச சதுரங்க சம்மேளனம் இதனைப் பரிசீலிப்பது அவசியமாகும்.