ரேடியேட்டருக்கு மஞ்சள் குளியல்

நாமக்கல், சங்ககிரி பக்கத்து லாரி ஓனர் வாசகர்களே, கோபிக்காமல் கேளுங்கள். ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா? உங்கள் முதல் வைத்தியம் மஞ்சள் தூள். அடுத்தது ஒரு குடம் தண்ணீர். அதற்கும் நிற்கவில்லையென்றால் டிரைவருக்குத் திட்டு. 'உனக்கு வண்டியைப் பார்த்துக்கத் தெரியல!'

நான் வெறும் பி.காம். எனக்கே புரிகிற கணக்கு இது. மஞ்சள் ஓட்டையை மட்டுமா அடைக்கும்? ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும்தான். வெறும் தண்ணீர் ஊற்ற ஊற்ற கூலன்ட் நீர்த்துப் போகும். அரிப்பைத் தடுக்கிற மருந்து அதில்தான் இருக்கிறது. அது போனால் லைனரில் ஊசித் துளை. அப்புறம் ஆயிலில் தண்ணீர். அப்புறம் இன்ஜினையே இறக்க வேண்டியதுதான்.

ஒழுகுவது எங்கே என்று தேடினீர்களா? ஆறிய இன்ஜினில் மூடியைக் கழற்றி, பிரஷர் டெஸ்டர் மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தத்துக்குக் காற்றடிக்கச் சொல்லுங்கள். ஹோஸ் கிளாம்ப்பா, வாட்டர் பம்ப்பா, தானே காட்டிக்கொடுக்கும். வெளியே சொட்டே இல்லாமல் முள் மட்டும் இறங்கினால் கோளாறு உள்ளே. டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள், ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கிறதா என்று. மூடியையும் சோதியுங்கள் சார், அதன் ரப்பர் செத்திருந்தாலும் தண்ணீர் போகும்.

டெஸ்டருக்குக் காசில்லையாம். நடுரோட்டில், லோடோடு, சூட்டோடு சூடாக அந்த மூடியைத் திறந்து முகம் வெந்துபோகிறவர் ஓனர் இல்லையே!