கேஸ் போடுவதற்கு முன் அந்தக் குமிழைத் திருப்பிப் பாருங்கள்

வெயில் கொளுத்தும் நம் நாட்டில் காருக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பழைய வீராவிலோ வாஜாவிலோ நீல நிறத்திலிருந்து சிவப்புக்குப் போகும் ஒரு குமிழ் இருந்தால், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஹீட்டரும் இருக்க வாய்ப்புண்டு. நீங்கள் அதைத் தொடாமலே இருக்கலாம். அது உங்களைத் தொடாமல் இருக்காது.

கிள்ளானிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மாமனார் கொடுத்த பழைய கார். பின்னிருக்கையில் ஒன்றரை வயதுக் குழந்தை. நண்பகலில் ஏர்கோனிலிருந்து வருவது வெதுவெதுப்பான காற்று. இரண்டு மாதத்தில் இரண்டு முறை கேஸ் போட்டாகிவிட்டது. இப்போது பட்டறையில் கம்ப்ரசரையும் கூலிங் காயிலையும் மாற்றச் சொல்கிறார்களாம். "காரின் விலையே அவ்வளவு வராது, விற்றுவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

விற்பதற்கு முன் பத்து நிமிடம் செலவிடுங்கள் அம்மா.

முதலில் உள்ளே நடப்பது என்ன என்று பார்ப்போம். ஏர்கோன் காற்று முதலில் கூலிங் காயிலின் மேல் பட்டுக் குளிர்கிறது. ஹீட்டர் உள்ள கார்களில் அதற்கு அடுத்து ஒரு சிறிய ரேடியேட்டர் இருக்கும். இன்ஜினைச் சுற்றி வரும் தண்ணீர், ஏறக்குறைய 90 பாகை செல்சியஸ் சூட்டில், இரண்டு ரப்பர் ஹோஸ்கள் வழியாக அதற்குள் போய்த் திரும்புகிறது. குளிர்ந்த காற்று அந்தச் சூட்டின் மேல் படாமல் தடுப்பது உள்ளே இருக்கும் ஒரு பிளாஸ்டிக் கதவு. குமிழைத் திருப்பினால் ஒரு மெல்லிய கம்பிக் கேபிள் இழுபட்டுக் கதவு நகரும். சில கார்களில் கதவோடு சேர்த்து, சுடுதண்ணீரையே அடைக்கும் ஒரு வால்வும் இன்ஜின் பக்கத்துச் சுவரில் இருக்கும்.

இருபது வருடப் பிளாஸ்டிக் கிளிப் உடைந்து கேபிள் கழன்றுவிட்டால், கதவு பாதியில் நின்றுவிடும். ஏர்கோன் பாடுபட்டுக் குளிர்வித்த காற்றை ஹீட்டர் மறுபடி சுட வைக்கும். இதற்கு எத்தனை முறை கேஸ் போட்டாலும் பயனில்லை. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் கேஸ் மட்டும் போடுகிறவர் உங்களை அடுத்த மாதமும் எதிர்பார்க்கிறார். அளவுக்கு மீறிப் போட்டாலும் குளிர் குறையத்தான் செய்யும்.

இனி சோதனை. இன்ஜினை ஓடவிட்டு, ஏர்கோனை முழுக் குளிருக்கு வையுங்கள். பானெட்டைத் திறந்தால், கம்ப்ரசரிலிருந்து டேஷ்போர்டு பக்கம் போகும் இரண்டு குழாய்களில் தடித்தது தெரியும். பெல்ட்டுக்கும் மின்விசிறிக்கும் எட்டாத இடமாகப் பார்த்துக் கையை வையுங்கள். துப்பட்டா, டை, நீண்ட கூந்தல் எதுவும் தொங்கக்கூடாது. அந்தக் குழாய் சில்லென்று, ஐஸ் தண்ணீர்க் குவளை போல வியர்த்திருந்தால் ஏர்கோன் தன் வேலையைச் செய்கிறது. அப்படியிருந்தும் உள்ளே வெதுவெதுப்பான காற்று வந்தால், சந்தேகப்பட வேண்டியது கம்ப்ரசரை அல்ல. கதவை, கேபிளை, வால்வை. குழாய் வெதுவெதுப்பாக இருந்தால் மட்டும் கேஸ், கம்ப்ரசர் பக்கம் போகலாம்.

அடுத்து, இருவர் வேண்டும். ஒருவர் குமிழை நீலத்திலிருந்து சிவப்புக்கும் மறுபடி நீலத்துக்கும் மெதுவாகத் திருப்பட்டும். மற்றவர் டார்ச் லைட்டோடு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்க்கட்டும். கேபிளின் நுனியில் ஒரு சிறிய நெம்புகோல் அசைய வேண்டும். கேபிள் ஓடுகிறது, நெம்புகோல் அசையவில்லை என்றால் கிளிப் கழன்றிருக்கிறது. குமிழ் எந்தத் தடையும் இல்லாமல் சும்மா சுற்றினால், குமிழுக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் பல்லோ கேபிளின் முனையோ போய்விட்டது. குமிழ் கல்லாக இறுகியிருந்தால் குறடு போட்டுத் திருகாதீர்கள். இறுகியிருப்பது வால்வாக இருக்கலாம், ஆனால் உடைவது குமிழின் தண்டாக இருக்கும்.

கழன்ற கேபிளை மாட்டுவது பெரிய வித்தை அல்ல. குமிழை முழுக் குளிரில் வைத்து, நெம்புகோலைக் குளிர்ப் பக்கம் கடைசி வரை கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கேபிளின் வெளியுறையைக் கிளிப்பில் அழுத்துங்கள். இந்த வரிசை முக்கியம். கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தால்கூட மதிய வெயிலில் தெரிந்துவிடும்.

வால்வு உள்ள கார் என்றால், குமிழ் குளிரில் இருக்கும்போது ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களும் ஒருசேரச் சுடக்கூடாது. இரண்டும் கொதித்தால் வால்வு மூடவில்லை. வால்வே இல்லாத கார்களில் இரண்டும் எப்போதும் சூடாகத்தான் இருக்கும்; அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இங்கே விற்ற சில மாடல்களில் ஹீட்டரே கிடையாது. அவற்றில் குமிழ் கம்ப்ரசர் எப்போது நிற்க வேண்டும் என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. இன்ஜின் பக்கத்துச் சுவருக்குள் ரப்பர் ஹோஸ் எதுவும் நுழையவில்லை என்றால், உங்களுடையது அந்த ரகம். மேலே சொன்ன கதை உங்களுக்கு இல்லை.

புதிய ரகக் கார்களில் கேபிளுக்குப் பதிலாக ஒரு சிறு மோட்டார் கதவைத் தள்ளும். இன்ஜினை முடுக்கியதும் டேஷ்போர்டுக்குள்ளிருந்து பல்லி கத்துவது போல 'டக் டக் டக்' என்று கேட்டால் அந்த மோட்டாரின் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம்.

காற்றின் வேகத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 1, 2, 3-இல் காற்று வராது, 4-இல் மட்டும் புயலாக வரும். பல பழைய கார்களில் இதற்குக் காரணம் ரெசிஸ்டர் என்னும் கையகலப் பொருள். குறைந்த வேகங்களுக்கு மின்சாரம் அதன் வழியாகப் போகிறது. கடைசி வேகத்துக்கு நேராகப் போய்விடுகிறது. சில பத்து வெள்ளிச் சாமான், இரண்டு மூன்று திருகாணிகள். ஆனால் அது ஏன் எரிந்தது என்று பாருங்கள். புளோவர் மோட்டார் இறுகிச் சுற்றினால் அதிக மின்சாரம் இழுக்கும். ஃபில்டர் அடைத்திருந்தால் ரெசிஸ்டரைக் குளிர்விக்கும் காற்றே குறைந்துவிடும். காரணத்தைச் சரி செய்யாமல் போட்ட புதுசு சீக்கிரம் பழசின் வழியே போகும். இணைப்பு பிளக் பழுப்பேறி உருகியிருந்தால் அதையும் மாற்றியே ஆக வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடுவது, வெள்ளித்தாள் சுற்றுவது எல்லாம் காருக்குத் தீ வைக்கும் வேலை. இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

இவ்வளவும் குளிருக்காக மட்டும் அல்ல. தானா ராத்தா ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடுமுறைக்குக் குடும்பத்தோடு தாப்பா வழியாக ஏறும்போது மழை பிடித்தால், ஐந்து பேர் மூச்சில் கண்ணாடி உள்பக்கம் வெளுத்துவிடும். அப்போது ஏர்கோனை நிறுத்தாதீர்கள். அதுதான் காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கிறது. காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்றைத் திறந்து, வெப்பக் குமிழைக் கொஞ்சம் சிவப்புப் பக்கம் தள்ளினால் விரைவில் தெளியும். காற்றின் திசையை மாற்றும் குமிழ் காலடியிலேயே சிக்கிக்கொண்ட கார், வளைவுகள் நிறைந்த அந்தச் சாலையில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுவதற்குச் சமம். கோலாலம்பூர் மழையில் பெரும்பாலும் நிலைமை தலைகீழ். ஏர்கோனின் சில்லிப்பில் கண்ணாடியின் வெளிப்பக்கம் பனிக்கும். வைப்பரைப் போட்டு, குளிரைக் குறைத்து, காற்றைக் கண்ணாடியிலிருந்து விலக்கினால் போதும். உள்ளா வெளியா என்று தெரியாவிட்டால் விரலால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள்.

முன்பயணியின் காலடியில் ஈரமா? தெளிந்த, வாசனையற்ற தண்ணீர் என்றால் ஏர்கோன் வடிகுழாய் அடைத்திருக்கும். சுத்தம் செய்தால் தீர்ந்தது. நிறமாக, வழுவழுப்பாக, இனிப்பு மணத்தோடு இருந்தால் ஹீட்டர் ரேடியேட்டர் ஓட்டை. கூலண்ட் விஷம். தவழும் குழந்தையையும் பூனையையும் தூரத்தில் வையுங்கள்.

இதற்குப் பல பட்டறைகள் சொல்லும் வைத்தியம் பைபாஸ். டேஷ்போர்டு முழுவதையும் கழற்றும் கூலி பல நூறு வெள்ளிக்குப் போகும் என்பதால், இரண்டு ஹோஸ்களையும் இன்ஜின் பக்கமே இணைத்துவிடுகிறார்கள். நான் இதைக் குற்றம் சொல்லமாட்டேன். நகரத்துக்குள் மட்டும் ஓடும் காருக்கு அது நடக்கும். ஆனால் சுடுதண்ணீர் சுற்றிவர வழி இருக்கும்படி இணைக்கச் சொல்லுங்கள். இரண்டு முனைகளையும் ஆணி வைத்து அடைப்பது சில இன்ஜின்களுக்கு ஆகாது. ஹோஸ் மடிந்திருக்கவும் கூடாது. அத்தோடு, கெந்திங் ஏற்றத்தில் இன்ஜின் சூடேறினால் ஹீட்டரை முழுக்கத் திறந்து சூட்டைக் கொஞ்சம் வெளியேற்றலாம் என்ற பழைய ஓட்டுநர்களின் கடைசி உபாயம் உங்களுக்கு இல்லாமல் போகிறது.

வால்வும் அந்தச் சின்ன ரேடியேட்டரும் கெட்டுப்போக ஒரு பெரிய காரணம் நம் பழக்கம். இங்கே உறைபனி இல்லையே என்று வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறோம். கூலண்ட் துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. ஊற்றும்போது இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் இருக்கிறார்கள்.

பழைய சாமான் வாங்க ஹாஃப்கட் கடைகள் நல்ல இடம். குமிழ்ப் பலகை, கேபிள், சுவிட்ச் ஆகியவற்றை அங்கே தயங்காமல் வாங்கலாம். உங்கள் பழையதைக் கையோடு கொண்டுபோய், பிளக்கின் ஊசிகளை எண்ணி ஒப்பிடுங்கள். ஹீட்டர் ரேடியேட்டரை மட்டும் பழசாக வாங்காதீர்கள். அதன் வயதும் உங்களுடையதன் வயதும் ஒன்றாகத்தான் இருக்கும், கூலியையோ இரண்டு முறை கொடுக்க வேண்டிவரும். ஏர்பேக் உள்ள காரின் டேஷ்போர்டை வீட்டில் கழற்றிப் பழகாதீர்கள். அது தெரிந்த போர்மனின் வேலை.

கிள்ளான் வாசகிக்கு: குழாயைத் தொட்டுப் பார்த்த பிறகு பட்டறைக்குப் போங்கள். "குழாய் வியர்க்கிறது, காற்று மட்டும் சுடுகிறது" என்று சொல்லுங்கள். அப்போதும் கம்ப்ரசரைத்தான் மாற்ற வேண்டும் என்றால், வேறு ஒரு பட்டறையில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.