பத்தாம் நம்பர் சட்டை யாருக்கு?

இங்கிலாந்து ரக்பி அணியின் பட்டியல் வெளியாகும் நாளில் அந்த ஊர் ரசிகர்கள் மற்ற 14 பேரைப் பற்றி அவ்வளவாக அலட்டிக்கொள்வதில்லை. சண்டையெல்லாம் பத்தாம் நம்பர் சட்டை யாருக்கு என்பதில்தான். வில்கின்சனா சிப்ரியானியா என்று ஒரு காலம். ஃபோர்டா ஃபாரலா என்று பத்து வருஷம். அப்புறம் மார்கஸ் ஸ்மித், ஃபின் ஸ்மித். பெயர்கள்தான் மாறுகின்றன, வசவுகள் அதேதான்.

ரக்பி அதிகம் பார்த்திராதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். அணிக்கு 15 பேர். 1 முதல் 8 வரை எண் போட்டவர்கள் ஃபார்வர்டுகள். முட்டி மோதிப் பந்தைக் கைப்பற்றுவது இந்தத் தடியர்களின் வேலை. அந்தப் பந்தை 9ஆம் நம்பர் எடுத்து 10ஆம் நம்பருக்கு வீசுவார். அவருக்கு ஃப்ளை-ஹாஃப் என்று பெயர். உதைப்பதா, பாஸ் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று ஒரு நொடிக்குள் முடிவெடுக்க வேண்டியவர் அவர். பெனால்டி உதைகளும் பெரும்பாலும் அவர் தலையில்தான். அதனால் ஜெயித்தாலும் தோற்றாலும் கேமரா அவர் முகத்தில் போய் நிற்கும். ரசிகர்களின் தீர்ப்பும் அங்கேயே நின்றுவிடுகிறது. கோளாறே இதுதான்.

2003 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளலாம். சிட்னியில் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடம், ஸ்கோர் 17-17. ஜானி வில்கின்சன் தன் பழக்கமில்லாத வலது காலால் டிராப் கோல் அடித்து 20-17 என்று கோப்பையை வாங்கித் தந்தார். இது எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு முந்தைய சில நொடிகளில் என்ன நடந்தது? லைன்-அவுட்டில் ஸ்டீவ் தாம்சன் கடைசி ஆள் வரைக்கும் பந்தை எறிந்தார். கொஞ்சம் பிசகினாலும் பந்து ஆஸ்திரேலியாவுக்குப் போயிருக்கும். லூயிஸ் மூடி அதைப் பிடித்தார். மைக் கேட் முட்டிக்கொண்டு முன்னேறினார். 9ஆம் நம்பர் மாட் டாசன் இடைவெளியைப் பார்த்துச் சில மீட்டர் ஓடி, ஆட்களுக்கு அடியில் மாட்டிக்கொண்டார். பாஸ் கொடுக்க வேண்டிய ஆளே கீழே கிடக்கிறார்! அப்போது நீல் பேக் பந்தை எடுத்து கேப்டன் மார்ட்டின் ஜான்சனிடம் கொடுக்க, ஜான்சன் அதை வாங்கிக்கொண்டு இன்னொரு முறை முட்டினார். டாசன் எழுந்து வருவதற்கு நேரம் கிடைத்தது அதனால்தான். அதன் பிறகுதான் பந்து வில்கின்சனுக்கு வந்தது. வரவுக் கணக்கில் மூன்று புள்ளிகளும் ஒரே ஆள் பெயரில்! வில்கின்சன் மேதைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவருக்குப் பின் வந்த ஒவ்வொரு பத்தாம் நம்பரையும் அந்த ஒரு உதையோடு ஒப்பிட்டவர்கள், அந்த ஜான்சனும் பேக்கும் இப்போது இருக்கிறார்களா என்று கேட்கவே இல்லை.

ஜார்ஜ் ஃபோர்டு, ஓவன் ஃபாரல் கதை இன்னும் வேடிக்கை. 2015 உலகக் கோப்பையில் வேல்ஸுக்கு எதிராக ஃபோர்டை உட்கார வைத்துவிட்டு ஃபாரலை இறக்கினார் ஸ்டூவர்ட் லங்காஸ்டர். ஃபாரலின் அப்பா ஆண்டி ஃபாரல் அப்போது இங்கிலாந்தின் பயிற்சிக் குழுவில் இருந்தார். விடுவார்களா? அப்பா கோட்டா என்று பேச்சு கிளம்பிவிட்டது. அந்த மேட்ச்சில் இங்கிலாந்து எடுத்த 25 புள்ளிகளில் 20 ஃபாரலின் காலில் இருந்து வந்தவை. வேல்ஸ் 28 எடுத்து ஜெயித்தது. கடைசி நிமிடங்களில் ஒரு பெனால்டி கிடைத்தபோது கோலுக்கு உதைத்திருந்தால் டிரா ஆகியிருக்கலாம். கேப்டன் கிறிஸ் ராப்ஷா அதை வேண்டாமென்று சொல்லி மூலைக்கு உதைக்கச் சொன்னார். திட்டு ராப்ஷாவுக்கும் விழுந்தது, ஃபாரலுக்கும் விழுந்தது. அடுத்து ஆஸ்திரேலியாவிடமும் தோற்று, போட்டியை நடத்திய நாடே முதல் சுற்றில் வெளியேறியது.

பிறகு வந்த எடி ஜோன்ஸ் இந்தச் சண்டையைச் சுலபமாக முடித்தார். ஃபோர்டுக்கு 10, ஃபாரலுக்கு 12, இரண்டு பேரும் ஆடட்டும்! 2016இல் சிக்ஸ் நேஷன்ஸ் கிராண்ட் ஸ்லாம் கிடைத்தது. 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் இதே ஜோடியோடு நியூசிலாந்தை 19-7 என்று வீழ்த்தினார்கள். ஒரு வாரம் கழித்து இறுதிப் போட்டியில் அதே ஜோடி தென்னாப்பிரிக்காவிடம் 32-12 என்று உதை வாங்கியது. ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கும் ஆட்டம் மறந்துவிட்டதா என்ன? ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஸ்க்ரம்மின் ஒரு தூணான கைல் சிங்க்லர் அடிபட்டு வெளியே போனார். அதன்பின் தென்னாப்பிரிக்கா ஸ்க்ரம்மில் நசுக்கி நசுக்கிப் பெனால்டி வாங்கியது. பின்னால் போய்க்கொண்டிருக்கும் வண்டியில் டிரைவரை மாற்றி என்ன பயன்?

இதற்காக ரசிகர்கள் சொல்வதெல்லாம் தப்பு என்று ஆகிவிடாது. டேனி சிப்ரியானி விஷயத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 2018-19 சீசனில் பிரீமியர்ஷிப்பின் சிறந்த வீரர் விருது வாங்கியவர், அந்த வருஷ உலகக் கோப்பை அணியில் இல்லை. மொத்தமே 16 சர்வதேச ஆட்டங்கள். மூன்றாவது ஃப்ளை-ஹாஃபாகவாவது கூட்டிப்போயிருக்க வேண்டும். மார்கஸ் ஸ்மித்தை 15ஆம் நம்பரில் ஓரங்கட்டியதும் அப்படித்தான். பந்தைத் தொடத் தொடச் சூடேறும் ஆட்டக்காரரைப் பின்னால் நிறுத்திவைப்பதை வீண் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் 2023இல் நடந்ததை நியாயப்படுத்தவே முடியாது. முதல் மேட்ச்சில் ஃபாரலுக்குத் தடை. டாம் கரி சிவப்பு அட்டை வாங்கி, ஏறக்குறைய முழு ஆட்டத்தையும் 14 பேரோடு ஆடியது இங்கிலாந்து. ஃபோர்டு மூன்று டிராப் கோல், ஆறு பெனால்டி என்று 27 புள்ளிகளையும் தானே அடித்து அர்ஜென்டினாவை 27-10 என்று முடித்தார். ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். அரையிறுதியில், மழையில், ஃபாரலும் அதே மாதிரிதான் ஆடினார். நான்கு பெனால்டி, ஒரு டிராப் கோல், இங்கிலாந்தின் 15 புள்ளிகளும் அவருடையவை. தென்னாப்பிரிக்கா 16. கடைசியில் ஸ்க்ரம்மில் பறிபோன ஒரு பெனால்டிதான் வித்தியாசம். ஃபோர்டு உதைத்தால் சாமர்த்தியம், ஃபாரல் உதைத்தால் போர் என்பது என்ன கணக்கோ. அந்தத் தொடரில் அரங்கத்துத் திரையில் ஃபாரல் பெயர் வந்தபோது கூட்டத்தில் சிலர் ஊளையிட்டார்கள். இங்கிலாந்துக்காக வில்கின்சனைவிட அதிகப் புள்ளிகள் எடுத்தவருக்கு இந்த மரியாதை! நவம்பரில், தன்னுடைய மற்றும் குடும்பத்தினரின் மனநலனுக்காக தேசிய அணியிலிருந்து விலகியிருக்கப்போவதாக அறிவித்தார். அணித் தேர்வைப் பற்றி வாக்குவாதம் செய்வது ரசிகனின் உரிமை. ஊளையிடுவது எந்த வாதத்தில் சேர்த்தி?

எதிரணியைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவிலும் இதே சண்டைதான். மானி லிபோக் துடிப்பானவர், ஆனால் கோல் உதையில் தடுமாறுவார். ஹாண்ட்ரே போலார்ட் நிதானமானவர், காயத்தால் முதல் பட்டியலிலேயே இல்லை. மால்கம் மார்க்ஸ் அடிபட்டபோது, ஹூக்கரான அவர் இடத்துக்கு ஃப்ளை-ஹாஃப் போலார்டைக் கூப்பிட்டார்கள். அரையிறுதியில் லிபோக்தான் ஆரம்பித்தார். 31ஆம் நிமிடத்தில் கோச் அவரை வெளியே எடுத்து போலார்டை அனுப்பினார். வென்ற பெனால்டியை அடித்தது போலார்ட். இறுதிப் போட்டியில் 12-11 என்று நியூசிலாந்தை வென்றபோது அந்த 12ம் அவருடையதே. அங்கே தேர்வு செய்தவர்கள் கேட்டது "யார் பெரியவர்?" என்று இல்லை, இன்றைக்கு, இந்த மழையில், இந்த ஸ்க்ரம்முக்குப் பின்னால் யார் வேண்டும் என்று.

2025இல் ஃபோர்டுக்கு லயன்ஸ் அணியில் இடமில்லை. பாதிச் சுற்றுப்பயணத்தில் ஃபாரலைக் கூப்பிட்டார்கள், கோச் அவருடைய அப்பா (பழைய கோட்டா பேச்சு மறுபடியும்!). அதே வருஷம் நவம்பரில் லண்டனில் நியூசிலாந்து 12-5 என்று முன்னிலையில் இருந்தபோது, இடைவேளைக்குச் சற்று முன் ஃபோர்டு அடுத்தடுத்து இரண்டு டிராப் கோல் அடித்து 12-11 ஆக்கினார். இரண்டாம் பாதியில் லயன்ஸ் போய்வந்த ஃபார்வர்டுகள் பெஞ்சிலிருந்து புதுத் தெம்போடு இறங்கினார்கள். 33-19. ஃபோர்டு புதிதாக எதையும் கற்றுக்கொண்டுவிடவில்லை, அர்ஜென்டினாவுக்கு எதிராக அடித்த அதே உதைதான். முன்னால் நின்ற எட்டுப் பேர்தான் வேறு.