பசுமைச் சலுகை எவருக்கு?

அதிவேக மின்மகிழுந்து வாங்கலாமா எனக் கணக்கிடுவோர் விலையையும் வேகத்தையும் எண்ணுகின்றனர், வரியை எண்ணுவதில்லை. 2024இல் இந்தியாவில் அறிமுகமானபோது பிஒய்டி சீலின் உச்ச வகை 53 இலட்சம் ரூபாயாக இருந்தது; நூறு கிலோமீட்டர் வேகத்தை 3.8 நொடியில் எட்டும். அதற்குச் சரக்கு சேவை வரி 5 விழுக்காடு; உழைப்பாளி வாங்கும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கோ 18.

திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காட்டில் தேயிலைத் தோட்டம் நலிந்து கூலி முடங்கிய பின்னும் லயங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், மலையிறங்க அரசுப் பேருந்தையே நம்பியுள்ளன. அவ்வளைவுகளில் 3.8 நொடிக்கு என்ன வேலை?

பசுமையின் அளவுகோல் வேகமன்று. ஒரு யூனிட் மின்சாரம் எத்தனை பேரைச் சுமக்கிறது என்பதே. வசதியுள்ளோர் வாங்கட்டும், முழு வரியும் செலுத்தட்டும். அத்தொகை மலையூர்ப் பேருந்துகளுக்குச் செல்லட்டும்.