பங்கு தீர்ந்தது, செலவு தீரவில்லை

பெற்றோர் கட்டிய ஓட்டு வீட்டைப் பிள்ளைகள் பொதுவில் வைத்திருப்பது நம் பெருந்துறைப் பக்கம் புதிதன்று. ஒருநாள் அவர்களுள் ஒருவர், மற்றவர் பங்குகளைத் தாமே வாங்கிக்கொள்ள முன்வருகிறார். பத்திரம் பதிவானதும், "இனி வீடு நமதே" என்று உள்ளம் நிறைகிறது. வீட்டோடு அதன் செலவு முழுவதும் தமதாயிற்று என்பது, அடுத்த ஐப்பசி மழையில் கூரை ஒழுகும்போதே புலனாகிறது.

முதலில் பங்கைப் பார்ப்போம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். பெற்றோர் இருவரும் உயில் எழுதாது மறைந்தால், மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. "சீர் செய்தாயிற்று" என்று சொல்லிச் சகோதரியின் பங்கைக் கழித்துவிட இயலாது.

வீட்டின் மதிப்பு 24 லட்சம், பிள்ளைகள் நால்வர் என்று வைத்துக்கொள்வோம். மூவர் பங்கிற்கு 18 லட்சம் கொடுக்க வேண்டும். குடும்பத்தாரிடையே எழுதும் விடுதலைப் பத்திரத்திற்கு, விடுவிக்கும் பங்கின் மதிப்பில் முத்திரைத் தீர்வை 1 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 1 விழுக்காடு. 2023 ஜூலையில் இவற்றின் உச்சவரம்பு முறையே 40,000 ரூபாயாகவும் 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. நம் கணக்கில் இரண்டும் சேர்ந்து 28,000 ரூபாய். எழுத்துக் கூலி வேறு.

இவை ஒருமுறைச் செலவுகள். ஆண்டுதோறும் வருபவையே குடும்பத்தை அசைப்பவை. வரிக்கும் பழுதுபார்ப்புக்கும் ஆண்டுக்கு 20,000 ரூபாய் ஆகுமென்றால், முன்பு ஒருவர் கொடுத்தது 5,000. இனி முழுவதும் ஒருவர் தலையில். பங்குப் பணத்திற்குக் கடன் வாங்கியிருந்தால் மாதத் தவணையும் சேரும். உடைந்த ஓட்டை மாற்றாமல் ஓராண்டு தள்ளிப்போட்டால், மறு ஆண்டில் சட்டமும் கைமரமும் கரையானுக்கு இரையாகும்.

பட்டா, சொத்துவரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு ஆகியவற்றை உடனே தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் வரி அறிவிப்பு மறைந்த தந்தையின் பெயருக்கே வரும், பாக்கியும் வளரும். அரையாண்டின் முதல் மாதத்திலேயே சொத்துவரி செலுத்துவோருக்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு என்பதையும் நினைவிற்கொள்க.

ஆதலால், விலை பேசுமுன் உடன்பிறந்தோர் கூடியமர்ந்து, கடந்த மூன்றாண்டுச் செலவை ஒரு தாளில் எழுதுங்கள். கையிருப்பு முழுவதையும் பங்குக்கே கொடுத்துவிடாமல், ஒரு மழைக்காலப் பழுதுக்கான தொகையையாவது ஒதுக்கி வையுங்கள். முடியாதெனில் தவணையில் கொடுப்பதற்கு எழுத்தில் உடன்பாடு செய்யலாம். வீட்டை விற்றுப் பகிரலாம். இவற்றில் இழிவு எதுவுமில்லை. கடனில் வீட்டை வாங்கிப் பின் உடன்பிறந்தாரையே நொந்துகொள்வதுதான் இழிவு.

திருவிழாவுக்கு வரும் தங்கைக்கு அவ்வீட்டில் இனிப் பங்கில்லை. ஆயினும் அவள் பாய் விரித்துப் படுக்க ஓர் இடம் இருக்க வேண்டும். அதற்கேனும் கூரை ஒழுகாதிருக்க வேண்டாமா?